கையும் கருவியும்: விளக்கு எரியாத கோளாறு



சென்ற இதழில் சைக்கிள் சங்கிலியைக் கழற்றிக் கழுவி மாட்டுவது பற்றி எழுதியிருந்தோம். அதை வாசித்த நம் சபைப் பெரியவர் ஒருவர், ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் எங்களிடம் வந்தார். "தம்பியவை, நீங்கள் சைக்கிளோட நிண்டிடுவியளோ, இல்லாட்டி காரிலையும் கை வைப்பியளோ?" என்று கேட்டார்.

அவருடைய காரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. ஞாயிற்றுக்கிழமைகளில் சபை வாசலில் நிற்கும்போது சின்னப் பிள்ளைகள் அதன் வட்டமான முகப்பைத் தடவிப் பார்க்காமல் போவதில்லை. அதில்தான் இப்போது பிரச்சினை.

பிறைட்டன் கடற்கரைக்குப் போன ஒருநாள், வழியில் சிவப்பு சமிக்ஞையில் நின்றபோது ஒயில் விளக்கு எரிந்திருக்கிறது. எஞ்சினைச் சற்று முறுக்கினால் அணைந்தது, விட்டால் மறுபடி எரிந்தது. திரும்பி வந்து ஒரு கராஜில் காட்டினார். அவர்கள் விளக்கைப் பார்த்தார்கள், கதவைச் சாத்தினார்கள், "எஞ்சின் முடிஞ்சுது, கழற்றிப் புதுப்பிக்க 3,000 பவுண்டு" என்றார்கள். வீட்டில் பிள்ளைகள் "வித்துப்போடுங்கோ அப்பா" என்றார்கள். ஐந்து வாரத்தில் பேத்தியின் கல்யாணம். அந்தக் காரில்தான் வருவேன் என்று பேத்தி சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள்.

"வேறை ஏதும் குறை இருக்கோ, அங்கிள்?" என்று கேட்டோம்.

"ஸ்ரியறிங் கொஞ்சம் இறுக்கம். பழைய கார் எண்டால் அப்பிடித்தானே" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரைப் பற்றி ஒரு சொல்

மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரையும் தந்தவர் அவர்தான். 1970களின் தொடக்கம் வரை பதினாறு இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. பிரித்தானியக் கார்களில் பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் கார் இது. இலங்கையிலும் வீட்டுக்கு வீடு தெரிந்த கார். நம் தாத்தாமார் பலர் கார் ஓட்டப் பழகியது இதில்தான்.

எங்கள் குழுவில் நாலு பேர். எங்களுக்கு மேல் 'கராஜ் அண்ணை'. யாழ்ப்பாணத்தில் இளவயதில் கராஜில் வேலை பழகியவர், இங்கே பஸ் திருத்தும் இடத்தில் ஓய்வு பெற்றவர். அவர் முதல் நாளே ஒரு விதி போட்டார்: "அளந்து பாக்காமல் ஒண்டையும் கழட்டாதையுங்கோ. விளக்கு சொல்லுறது பாதிக் கதை."

ஒயில் அழுத்தம் எதற்கு?

எஞ்சினுக்குள் சுழலும் பெரிய தண்டு உலோகத்தின் மேல் உலோகமாக உரசிச் சுழல்வதில்லை. பம்ப் தள்ளிவிடும் ஒயில் ஒரு மெல்லிய படலமாக இடையில் நிற்கிறது. தண்டு அதன் மேல் மிதக்கிறது. அழுத்தம் போனால் படலம் போகும். படலம் போனால் பேரிங் சில நிமிடங்களில் உருகிப்போகும். அதனால் ஓடும்போது இந்த விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி எஞ்சினை நிறுத்துங்கள். "வீடு ரெண்டு மைல்தானே" என்று ஓட்டினால் அந்த இரண்டு மைலில் எஞ்சினே போய்விடலாம்.

ஆனால் விளக்கு ஒரு சுவிட்ச் மட்டும்தான். மிகவும் குறைந்த ஓர் அளவுக்குக் கீழே போனால் எரியும், மேலே போனால் அணையும். எவ்வளவு குறைந்தது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. சுவிட்சே பழுதாகி வீணாக எரிவதும் உண்டு. அதனால்தான் அளவு வேண்டும்.

நாங்கள் செய்த ஒழுங்கு

முதலில் ஒயில் கோலை இழுத்துப் பார்த்தோம். மட்டம் குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தோம். மாறாக, மேல் கோட்டுக்கும் மேலே நின்றது. அங்கிளுக்குப் பெருமை: "என்ரை கார் ஒயில் குடிக்கிறதே இல்லை. மட்டம் இறங்கினதைக் கண்டதில்லை."

கராஜ் அண்ணை கோலை மூக்கருகே பிடித்தார். பிறகு எங்களிடம் நீட்டினார். பெற்றோல் மணம். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தால் ஒயில் தண்ணீர்போல் வழுகியது.

காரணம் விளங்க நேரம் எடுக்கவில்லை. அந்தக் கார் கிழமைக்கு ஒருமுறை, வீட்டிலிருந்து சபைக்கு இரண்டு மைல், திரும்ப இரண்டு மைல் ஓடும். எஞ்சின் சூடாகுமுன் பயணம் முடிந்துவிடும். போதாக்குறைக்குச் சோக் கம்பி இறுகி, குமிழை உள்ளே தள்ளினாலும் முழுதாகத் திரும்பாமல் நின்றது. எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலில் சேர்ந்துகொண்டே இருந்தது. கார் ஒயிலைக் குடித்தது கொஞ்சம், பெற்றோல் சேர்ந்தது கொஞ்சம். மட்டம் மட்டும் மாறாமல் நின்றது. அதோடு, கடைசியாக ஊற்றியது இன்றைய கார்களுக்கான மெல்லிய ஒயில். இந்தக் காலத்து எஞ்சினுக்கு அது நல்லது. 1959இன் எஞ்சினுக்கு, சூடாகும்போது அது போதாது.

அடுத்து, விளக்கின் சுவிட்ச் இருந்த துளையில் ஒரு 'ரீ' இணைப்பு வைத்து அழுத்தமானி ஒன்றைப் பூட்டினோம். இந்த எஞ்சின் நன்றாக இருந்தால், சூடான நிலையில் வீதியில் ஓடும்போது 60 பி.எஸ்.ஐ. அளவும், நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது 15 அளவும் காட்ட வேண்டும். இருபது மைல் ஓட்டி நன்றாகச் சூடாக்கினால் தெளிவாகத் தெரியும் என்று ஒருவர் சொன்னார். கராஜ் அண்ணை மறுத்துவிட்டார். நின்ற இடத்திலேயே சூடாக்கி, மானியில் ஒரு கண் வைத்தபடி அளந்தோம். முறுக்கும்போது 25, விட்டால் 5. விளக்கு பொய் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் அளவு எடுத்தோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போகும்.

சோக் கம்பியைக் கழற்றிச் சுத்தம் செய்து, முழுதாகத் திரும்ப வைத்தோம். பழைய ஒயிலை வடித்து, பில்ரரை மாற்றி, 20W-50 கனிம ஒயில் 3.7 லீற்றர் ஊற்றினோம். மறுபடி சூடாக்கி அளந்தால் முறுக்கும்போது 38, விட்டால் 10. விளக்கு எரியவில்லை. எங்களில் இருவர் கைதட்டினோம். கராஜ் அண்ணை தட்டவில்லை. "விளக்கு அணைஞ்சுது. அளவு வரேல்லை" என்றார்.

இந்த எஞ்சினின் பக்கத்தில், பின்முனைக்கு அருகே, குவிந்த தலையுள்ள ஒரு நட்டு இருக்கிறது. அதற்குள் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு சிறு வால்வும். அழுத்தம் அளவுக்கு மேல் போனால் வால்வு திறந்து மிகுதி ஒயிலைத் திருப்பிவிடும். அந்த வால்வு முழுதாக மூடாவிட்டால் ஒயில் எந்நேரமும் கசிந்து திரும்பிக்கொண்டே இருக்கும். கழற்றிப் பார்த்தோம். வால்வு உட்காரும் இடத்தில் கருங்கசடு. ஒரு சிறு உலோகத் துகள் நடுவில் சிக்கி இருந்தது. துடைத்து, வால்வை நன்றாக உட்கார வைத்து, புது ஸ்பிரிங் போட்டோம். முறுக்கும்போது 55, விட்டால் 18.

இத்தனைக்கும் செலவு நூறு பவுண்டுக்கும் குறைவு.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லா எஞ்சினுக்கும் இது நடக்காது. ஒயில் சரி, வால்வு சரி, அப்படியும் குளிரில் நல்ல அழுத்தம் காட்டிச் சூட்டில் விழுந்தால், சுமை ஏறும்போது அடியிலிருந்து ஆழ்ந்த தட்டல் சத்தம் கேட்டால், பேரிங்குகள் தேய்ந்துவிட்டன. அல்லது பம்ப் தேய்ந்திருக்கும். இந்தக் காரில் பம்ப் எஞ்சினின் பின்முனையில் இருப்பதால் எஞ்சினை இறக்கித்தான் பார்க்க முடியும். அப்போது அந்த 3,000 பவுண்டு நியாயமான பேச்சாக இருக்கலாம். அந்த நிலையில் ஸ்பிரிங்குக்கு அடியில் வாசர் செருகி மானியின் முள்ளை உயர்த்துவது நோயாளியின் வெப்பமானியை ஐஸ் தண்ணீரில் வைப்பது போன்றது. முள் ஏறும், பேரிங் தேய்ந்தபடியே இருக்கும்.

பிறகு ஸ்ரியறிங்

அங்கிள் அன்றே காரைக் கொண்டுபோகத் தயாரானார். "ஸ்ரியறிங் பிறகு பாப்பம், கல்யாணம் முடியட்டும்."

கராஜ் அண்ணை சாவியைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஒரு கேள்வி. மூலையில திருப்பினாப் பிறகு, கையை இளக விட்டால் ஸ்ரியறிங் தானா நேருக்கு வருதோ?"

அங்கிள் யோசித்தார். "இல்லை. நான்தான் திருப்பிக் கொண்டுவர வேணும்."

"எவ்வளவு காலமா?"

"கனகாலம்."

ஸ்ரியறிங் இறுகினால் முதலில் பார்க்க வேண்டியது ரயர். முன் ரயர்களில் 22 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய இடத்தில் 14 இருந்தது. காற்று அடித்தோம். நிறுத்துமிடத்தில் திருப்புவது கொஞ்சம் இலகுவானது. ஆனால் தானாக நேருக்கு வரவில்லை.

அடுத்து, காரின் முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்ராண்ட் வைத்து, சில்லுகள் தரையில் படாமல் நிறுத்தினோம். (ஜக்கில் மட்டும் நிற்கும் காருக்குக் கீழே எவரும் தலையை விடக் கூடாது. இது எங்கள் குழுவில் மன்னிப்பில்லாத விதி.) பாரம் இல்லாதபோதும் இறுக்கம் அப்படியே இருந்தது. ஆகவே குறை ரயரில் மட்டும் இல்லை.

இந்தக் காரில் ஸ்ரியறிங் வளையம் ஒரு பல்லுச் சட்டத்தை இடமும் வலமும் தள்ளுகிறது. சட்டத்தின் இரு முனையிலும் உள்ள கம்பிகள் சில்லுகளைத் திருப்புகின்றன. எங்கே இறுக்கம் என்று அறிய, அந்தக் கம்பிகளைச் சில்லிலிருந்து கழற்றிவிட்டோம். இப்போது வளையத்தைத் திருப்பினால் இரண்டு விரல் போதும். பல்லுச் சட்டம் நல்லது. வலச் சில்லைக் கையால் திருப்பினோம், இலகுவாகப் போனது. இடச் சில்லைத் திருப்பினோம். பாதியில் கடித்து நின்றது. அழுத்தினால் கரகரவென்று மறுபடி நகர்ந்தது.

சில்லு திரும்புவது கிங்பின் என்ற நிற்கும் தண்டில். மைனரில் அதன் மேல்முனையும் கீழ்முனையும் திருகு மரையாக வெட்டப்பட்டு, மரையுள்ள இணைப்புகளுக்குள் நிற்கின்றன. திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரையில்தான் சில்லு சுழல்கிறது. காரின் முன்பாரம் கீழ் மரையின் மேல். அதற்குக் கிறீஸ் போக ஒரு சிறு நிப்பிள் உண்டு. அந்தக் காலக் கையேடு 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கச் சொல்கிறது.

இடப்பக்கக் கீழ் நிப்பிள் அடைத்துக் கல்லாகி இருந்தது. யாரோ கிறீஸ் கன்னை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். கிறீஸ் உள்ளே போகாமல் வெளியே பிதுங்கி, பார்ப்பதற்கு நிறையக் கிறீஸ் அடித்ததுபோல் காய்ந்து கிடந்தது. சில்லுக்கு அடியில் கம்பியைக் கொடுத்து நெம்பினோம். மேலும் கீழும் ஆடியது. ஆடக் கூடாது.

அன்று எங்களைக் கழற்ற விடவில்லை. இந்தக் காரின் முன் சில்லைத் தாங்குவது முறுக்கிய நீண்ட இரும்புத் தண்டு. கீழ்க் கையைச் சரியாகத் தாங்காமல் இணைப்பைக் கழற்றினால் அது எலும்பை உடைக்கும் வேகத்தில் விடுபடும். கராஜ் அண்ணைதான் கழற்றினார். நாங்கள் தள்ளி நின்று பார்த்தோம். வெளியே வந்த மரையை அவர் துணியால் துடைத்துக் காட்டினார். துரு. மரையின் வரைகள் தேய்ந்து கத்தி விளிம்புபோல் மெல்லிதாகி இருந்தன.

"இது கழண்டால் என்ன நடக்கும்?" என்று எங்களில் இளையவள் கேட்டாள்.

"சில்லு உள்ளுக்கு மடியும். காரின்ர மூலை ரோட்டில விழும். நிறுத்தேக்கை நடந்தால் ஆக்கள் பாத்துச் சிரிப்பினம். பிறைட்டன் ரோட்டில நடந்தால்..." மிச்சத்தை அவர் சொல்லவில்லை.

அங்கிள் அந்தத் துண்டைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "விளக்கு எரிஞ்சபடியால் அதுக்குப் பயந்தன். இதுக்கு விளக்கு இல்லையே."

இரு பக்கமும் கிங்பின்னும் கீழ் இணைப்பும் புதிதாக மாற்றினோம். இடப்பக்கப் பாகமும் வலப்பக்கப் பாகமும் ஒன்றல்ல. வாங்கும்போது கவனம் வேண்டும். முன் சில்லுகளின் நேர்ப்பாட்டையும் அளந்து சரிசெய்தோம். ஒயில் வேலையையும் சேர்த்து மொத்தச் செலவு 400 பவுண்டுக்கு உள்ளே.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது

இங்கே பெற்றோர் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பிரித்தானியாவில் 2018 மே மாதம் முதல், நாற்பது வயதைத் தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.ரி. பரிசோதனை கட்டாயமில்லை. அங்கிளின் காரையும் ஆண்டுக்கணக்காக எவரும் கம்பியால் நெம்பிப் பார்க்கவில்லை. பரிசோதனை கட்டாயமில்லை என்பதால் பொறுப்பு நீங்கிவிடவில்லை. பழுதான காரை வீதிக்குக் கொண்டுவருவது இன்றும் சட்டப்படி குற்றம்தான். விரும்பினால் காசு கட்டிப் பரிசோதிக்கலாம். பழைய கார் வைத்திருக்கும் எவரும் ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பழைய கார் இல்லாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சத்தம் போடும் குறையை எல்லாரும் கவனிப்போம். மெதுவாக, நாளுக்கு நாள் கூடிவரும் குறைக்குக் கை பழகிவிடும். "அது அப்பிடித்தான்" என்று வீட்டில் யாராவது சொன்னால், அங்கேதான் முதலில் பாருங்கள்.

வெட்டி ஒட்டி வைக்கச் சில குறிப்புகள்:

ஒயில் கோலைப் பார்க்கும்போது மட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள்; மணத்தையும் பாருங்கள். மட்டம் கூடினாலும் அது குறைதான்.

இரண்டு மைல் ஓடும் கார் மாதத்துக்கு ஒருமுறையாவது எஞ்சின் நன்றாகச் சூடாகும்படி ஓட வேண்டும்.

ஸ்ரியறிங் இறுகினால் ஒழுங்கு இதுதான்: ரயர்க் காற்று, பிறகு சில்லைத் தூக்கிப் பார்த்தல், பிறகு கம்பிகளைக் கழற்றி எந்தப் பகுதி இறுக்கம் என்று பிரித்தறிதல். வளைவில் திரும்பிய பின் தானாக நேருக்கு வராத ஸ்ரியறிங்கைத் தள்ளிப் போடாதீர்கள்.

கிங்பின்னுக்குக் கிறீஸ் அடிக்கும்போது சில்லைத் தரையிலிருந்து தூக்கி, இடமும் வலமும் திருப்பியபடி அடியுங்கள். பாரம் இருந்தால் மரையின் அழுத்தப்பட்ட பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. பழைய கறுப்புக் கிறீஸ் வெளியேறி, புதியது தெரியும்வரை அடியுங்கள். ஒரு நிப்பிளில் கிறீஸ் போகவில்லை என்றால் அந்த நிப்பிளை மாற்றுங்கள். அடித்ததாகக் கணக்கு வைக்காதீர்கள்.

மைனரின் பல்லுச் சட்டத்துக்குப் போக வேண்டியது கியர் ஒயில், கிறீஸ் அல்ல. நிப்பிளைக் கண்டதும் கிறீஸ் அடித்தால், நாளடைவில் அதுவே இறுக்கத்துக்குக் காரணமாகும்.

கல்யாணத்தன்று மழை. சபை வாசலின் குறுகிய வளைவில் அங்கிள் காரைத் திருப்பிவிட்டுக் கைகளை இளக்கினார். ஸ்ரியறிங் தானாக நேருக்கு வந்தது. எங்கள் பக்கம் பார்த்து ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். பின் ஆசனத்தில் இருந்த பேத்திக்கு அது ஏன் என்று தெரியாது.

இப்போது அவர் வீட்டுச் சமையலறை நாட்காட்டியில் மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வட்டம் போடப்பட்டிருக்கிறது. மணப்பெண்ணின் தம்பிக்குப் பன்னிரண்டு வயது. கிறீஸ் கன் அவனுடைய பொறுப்பு. தாத்தா சில்லைத் திருப்ப, கராஜ் அண்ணை பக்கத்தில் நிற்க, புதுக் கிறீஸ் தெரியும்வரை அவன் அடிப்பான்.

இம்மாத வேலை: வாலிபரே, உங்கள் வீட்டுக் காரின் நான்கு ரயர்களிலும் காற்றை அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். அம்மாவையோ அப்பாவையோ கேட்டு, ஓட்டும்போது காரில் அவர்களுக்குப் பழகிப்போன ஒரு குறையையும் அதன் கீழே எழுதுங்கள். அடுத்த இதழில் அவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டு உங்களைச் சந்திக்கிறோம்.